கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை எதிர்க்க எம்பிபிஎஸ் மட்டும்தான் வழியா?

போன வாரம் மகளோடு வந்திருந்த அம்மாவுக்கு இதை எழுதுகிறேன். நீட் இரண்டாவது தடவையும் கைகொடுக்கவில்லை. ஊர் நிலத்தை விற்றாவது நிர்வாக ஒதுக்கீட்டில் சீட் வாங்கிவிடுங்கள் என்று மைத்துனர் சொல்கிறார். நீங்கள் அழுதீர்கள், ஆறுதல் சொன்னேன். ஆனால் ஆறுதல் போதாது. அந்த நிலத்தை விற்காதீர்கள். தம்பி படிப்புக்கும் அதுதான் இருக்கிறது என்று நீங்களே சொன்னீர்கள்.

உங்கள் மகள் என்னிடம் ஒன்றுதான் கேட்டாள்: "பாட்டிக்கு வந்த கேன்சரை பாக்டீரியாவை வச்சே கொல்ல முடியுமா சார்?" இரண்டு வருடக் கோச்சிங்கில் யாரும் அவளுக்குச் சொல்லித்தராத கேள்வி அது.

முடியுமா என்றுதான் ஆய்வகங்களில் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாவில் அசுரின் என்ற புரதம் இருக்கிறது. செம்பு இருப்பதால் சுத்தம் செய்து எடுத்தால் நீலமாகத் தெரியும். அது, செல் புற்றாக மாறாமல் தடுக்கும் பி53 என்ற காவல் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு, அதைச் சிதையாமல் காக்கிறது என்று ஆனந்த மோகன் சக்கரவர்த்தியின் குழு சிகாகோவில் கண்டது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில், அதற்குக் காரணமான எச்பிவி வைரஸின் இ6 என்ற புரதம் அழிப்பது இதே பி53-ஐத்தான். இ6-இடமிருந்து பி53-ஐக் காப்பாற்ற முடியுமா? உங்கள் மகள் நிற்க வேண்டிய இடம் அது.

வேலை எப்படியிருக்கும் என்றும் சொல்கிறேன். அசுரின் புரதத்தின் மரபணுவை ஈ.கோலி என்ற பாக்டீரியாவில் வைத்து வளர்த்து, பிரித்து, 96 குழித் தட்டில் வளரும் ஹீலா செல்கள் மேல் விடுவார்கள். 1951-இல் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் கர்ப்பப்பை வாய்க் கட்டியிலிருந்து வந்த செல்கள் அவை. அப்புறம் மஞ்சள் நிற எம்டிடி சாயம். செல் உயிரோடிருந்தால் ஊதாவாகும், செத்திருந்தால் மாறாது. ஈ.கோலியின் நச்சு துளி ஒட்டியிருந்தாலும் செல்களைக் கொன்றது புரதமா, நச்சா என்று சொல்ல முடியாது. நல்ல செல்களிலும் அதே சோதனையைச் செய்ய வேண்டும். பொறுமை இல்லாதவர்களுக்கு இது ஆகாது. அவள் நோட்டைப் பார்த்தேன், பொறுமை இருக்கிறது.

அசுரின் இன்னும் மருந்தாகிவிடவில்லை. அதன் ஒரு துண்டு, பி28, மனிதர்களில் முதற்கட்டச் சோதனைவரை போயிருக்கிறது. ஆனால் பாக்டீரியாப் புரதம் மருந்தாகும் என்பதில் சந்தேகம் வேண்டாம். குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்குப் பல பத்தாண்டுகளாகக் கொடுக்கும் அஸ்பாரஜினேஸ் ஈ.கோலியிலிருந்து வருவதுதான்.

செலவைப் பற்றி. அரசுக் கல்லூரியில் பிஎஸ்சி மைக்ரோபயாலஜிக்கு வருடத்துக்குச் சில ஆயிரம்தான் ஆகும். அடுத்து கேட்-பி (GAT-B) நுழைவுத்தேர்வு எழுதி எம்எஸ்சி பயோடெக்னாலஜி. நெட் தேர்வில் ஜேஆர்எஃப் என்ற இளநிலை ஆராய்ச்சியாளர் தகுதி கிடைத்தால் ஆராய்ச்சிக்கு மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. பிஎஸ்சி முடித்ததும் பெரிய சம்பளம் வரும் என்று எண்ணாதீர்கள், வராது. முனைவர் பட்டம்வரை குறைந்தது எட்டு ஒன்பது வருடம் ஆகும். அதற்கு மனதைத் தயார்செய்துகொள்ளுங்கள். நிலம் மட்டும் உங்களிடமே இருக்கும்.

மூன்றாவது தடவை நீட் எழுதச் சொல்லி அவளை உட்காரவைக்காதீர்கள். "இன்னொரு வருஷம் முடியாது சார்" என்று நீங்கள் வெளியே போன பிறகு மெதுவாகச் சொன்னாள். கல்லூரி விண்ணப்பத்தை அவளே நிரப்பட்டும். மைத்துனர் கேட்டால் என்னிடம் பேசச் சொல்லுங்கள், நான் சொல்லிக்கொள்கிறேன்.