ஸ்டேஷன் மாறுகிறது, சத்தம் எங்கே?

கேள்வி: பழைய வண்ணாரப்பேட்டையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கடைக் கம்ப்யூட்டரில் பிடி878 சிப் உள்ள பழைய டிவி ட்யூனர் கார்டு இருக்கிறது, எஃப்எம் வசதியோடு. லினக்ஸ் மின்ட் போட்டிருக்கிறேன். காலை 9 மணிக்கு ரேடியோ தானாகப் பாடி, இரவு 8 மணிக்கு நிற்க வேண்டும். டெர்மினலில் கட்டளை கொடுத்தால் பிழை எதுவும் காட்டவில்லை, சத்தமும் வரவில்லை. கார்டு போய்விட்டதா?

பதில்: கார்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பிழை வரவில்லை என்றால் /டெவ்/ரேடியோ0 (லினக்ஸ் உங்கள் ரேடியோவுக்கு வைத்திருக்கும் பெயர்) இருக்கிறது, கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரும் வேலை செய்கிறது. (அது இல்லாதவர்கள் பிடிடிவி டிரைவரை ரேடியோ=1 என்ற தேர்வோடு ஏற்றிப் பார்க்கலாம்.) கட்டளைகளை இங்கே தமிழெழுத்தில் தருகிறேன், நீங்கள் ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள்.

வி4எல்2-சிடிஎல் -டி /டெவ்/ரேடியோ0 -எஃப் 101.4 -சி மியூட்=0

(-டி என்பது டிவைஸின் முதல் எழுத்து.) இது ரெயின்போ எஃப்எம் ஸ்டேஷனைப் பிடித்து, ஒலியை அடைத்திருக்கும் மியூட்டை எடுத்துவிடும். அவ்வளவுதான் அதன் வேலை. ஒலியை ஸ்பீக்கர்வரை கொண்டுபோவது இந்தக் கட்டளையின் பொறுப்பே இல்லை. பலரும் சறுக்குவது இங்கேதான். இந்த வகைக் கார்டில் பாட்டு கார்டின் பின்பக்க ஒலித் துளையில் அனலாகாக வெளியே வருகிறது. அங்கிருந்து சவுண்ட் கார்டின் நீல நிறத் துளைக்கு ஒரு சின்ன ஒயர் போக வேண்டும். பக்கத்திலேயே இருக்கும் இளஞ்சிவப்புத் துளை மைக்குக்கானது. அதில் செருகினால் கரகரவென்றுதான் கேட்கும். இரண்டு முனையிலும் 3.5 மி.மீ. பின் உள்ள ஒயர் போதும், பர்மா பஜார் பக்கம் போனால் வாங்கிவிடலாம்.

ஒயர் போட்ட பிறகு, டெர்மினலில் ஒலி அளவை ஏற்றி இறக்கும் அல்சாமிக்சரைத் திறந்து, லைன் என்ற பத்தியின் அடியில் எம்எம் என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் மூடிக் கிடக்கிறது என்று அர்த்தம். எம் விசையை அழுத்தி, மேல் அம்புக்குறியால் ஏற்றுங்கள். பெரும்பாலும் இதோடு பாட்டு கேட்டுவிடும்.

நேரம் வைப்பதற்கு கிரான்டேப் -இ. குறித்த நேரத்தில் கட்டளையைத் தானாக ஓட்டும் கிரானின் பட்டியலை அது திறக்கும். அதில் இரண்டு வரி போதும்: 0 9 * * * என்று தொடங்கி மேலே சொன்ன கட்டளை; 0 20 * * * என்று தொடங்கி அதே கட்டளை, ஆனால் -எஃப் இல்லாமல், மியூட்=1 என்று. சில டிரைவர்கள் கட்டளை முடிந்ததுமே ஒலியை அடைத்துவிடும். அப்படி ஆனால் காலை வரியின் கடைசியில் --ஸ்லீப்=39600 சேருங்கள்; 11 மணி நேரத்துக்கு அதுவே கணக்கு.

அப்புறம், கையால் தட்டினால் பாடும், கிரானில் பாடாது என்று ஒரு தலைவலி வரலாம். திரையில் லாகின் செய்தவருக்கு ரேடியோவைத் தொடும் அனுமதி தானாகக் கிடைக்கிறது. லாகின் இல்லாத நேரத்தில் கிரானுக்கு அது கிடையாது. சுடோ ஆட்யூசர், அடுத்து உங்கள் பயனர் பெயர், அடுத்து வீடியோ என்று கொடுத்தால், அந்த அனுமதி உள்ள வீடியோ என்ற குழுவில் சேர்ந்துவிடுவீர்கள்.

ஆன்டெனாவுக்கு சுமார் 75 செ.மீ. ஒயர் போதும். கடைக்குத் தகரக் கூரை என்றால் ஒயரை உள்ளே சுருட்டி வைத்துப் பயனில்லை. கம்ப்யூட்டரை விட்டுத் தள்ளி, வாசல் பக்கம் நீட்டிவிடுங்கள். ஒயரை நகர்த்தும் போதெல்லாம் வி4எல்2-சிடிஎல் -டி /டெவ்/ரேடியோ0 --கெட்-ட்யூனர் கொடுத்துப் பார்த்தால் சிக்னல் எத்தனை சதவீதம் என்று அதுவே சொல்லும்.