புள்ளியை விடுங்கள், நிமிடத்தைப் பாருங்கள்

வாசகர் கேள்வி – பதில்: ஃபேன்டசி கால்பந்து (செப்டம்பர் 2025)

இங்கிலாந்து பிரீமியர் லீக் தொடங்கி மூன்று வாரம் முடிந்திருக்கிறது. நாடுகளுக்கு இடையிலான ஆட்டங்களுக்காக லீக் இப்போது ஓய்வில் இருக்கிறது. இந்த இடைவெளியில் எனக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஃபேன்டசி அணியைப் பற்றியவை. புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: 100 மில்லியன் பவுண்டு கற்பனைப் பணத்தில் 15 வீரர்களை எடுக்க வேண்டும். ஒரே கிளப்பிலிருந்து மூன்று பேருக்கு மேல் கூடாது. நிஜ ஆட்டத்தில் அவர்கள் செய்வதெல்லாம் நமக்குப் புள்ளி. கேப்டனாக வைத்தவருக்கு மட்டும் புள்ளி இரட்டிப்பாகும். வாரத்துக்கு ஒரு வீரரை இலவசமாக மாற்றலாம், அதற்கு மேல் ஒவ்வொரு மாற்றத்துக்கும் நான்கு புள்ளி அபராதம்.

கேள்வி: முதல் வாரம் மேஞ்செஸ்டர் சிட்டியின் ரெய்ண்டர்ஸ் ஒரு கோல் அடித்தார், இன்னொரு கோலுக்கு உதவினார். உடனே அவரை எடுத்தேன். பணம் போதாமல் வேறு இருவரையும் மாற்றினேன். அபராதம் எட்டுப் புள்ளி. பதினான்கு பேர் கொண்ட எங்கள் அலுவலகக் குழுவில் இப்போது பதின்மூன்றாவது இடம். விட்டுவிடலாமா?
– கொளத்தூர் வாசகர்

பதில்: விட்டுவிடாதீர்கள், தம்பி. 38 வாரத்தில் இன்னும் 35 வாரம் மீதம் இருக்கிறது. எட்டுப் புள்ளி என்பது ஒரு நல்ல கேப்டன் ஒரே மாலையில் திருப்பித் தரும் கணக்கு.

ஆனால் நடந்ததைச் சரியாகப் பார்க்க வேண்டும். முதல் வாரம் சிட்டி உல்வ்ஸை அவர்கள் மைதானத்திலேயே 4-0 என்று வென்றது. அடுத்த வாரம் டோட்டன்ஹாமிடம் 0-2, அதற்கடுத்த வாரம் பிரைட்டனிடம் 1-2 என்று தோற்றது. ரெய்ண்டர்ஸ் நல்ல ஆட்டக்காரர்தான். நீங்கள் வாங்கியது அவரை அல்ல, அந்த ஒரு சனிக்கிழமையை. முடிந்துபோன ஆட்டத்தின் புள்ளி உங்கள் அணியில் ஒருநாளும் சேராது.

என்னிடம் ஒரு கோடு போட்ட நோட்டு இருக்கிறது. வீரருக்கு ஒரு வரி, வாரத்துக்கு ஒரு கட்டம். கட்டத்தில் நான் புள்ளியை எழுதுவதில்லை. எத்தனை நிமிடம் ஆடினார் என்று மட்டும் எழுதுகிறேன். அறுபதும் அதற்கு மேலும் நீல மை, அறுபதுக்குக் கீழே சிவப்பு. காரணம் விதியிலேயே இருக்கிறது: 60 நிமிடம் ஆடினால் இரண்டு புள்ளி, அதற்குக் குறைந்தால் ஒன்றுதான். பின்கள வீரருக்கும் கோல்கீப்பருக்கும் கோல் வாங்காமல் இருந்ததற்கான நான்கு புள்ளி கிடைப்பதும் 60 நிமிடம் ஆடினால்தான்.

ஆகஸ்ட் 15 இரவை நினைத்துப் பாருங்கள். ஆன்ஃபீல்டில் லிவர்பூல் 4, போர்ன்மத் 2. போர்ன்மத்தின் செமென்யோ தொடக்கத்திலிருந்தே ஆடி இரண்டு கோல் அடித்தார். லிவர்பூலின் கியேசா ஆட்டம் முடியும் தறுவாயில் மாற்று வீரராக இறங்கி ஒரு கோல் அடித்தார். மறுநாள் பட்டியலில் இருவர் பெயரும் ஒளிர்ந்தன. என் நோட்டில் செமென்யோ நீலம், கியேசா சிவப்பு. கியேசாவின் கோலைப் பார்த்து நானும் எழுந்து நின்று கைதட்டினேன். அது வேறு, அணியில் எடுப்பது வேறு.

முதல் வாரம் எப்போதும் பொய் சொல்லும் என்றும் நினைத்துவிட வேண்டாம். 2015 ஆகஸ்ட்டில் லெஸ்டரின் மஹ்ரேஸ் முதல் ஆட்டத்திலேயே சண்டர்லாந்துக்கு எதிராக இரண்டு கோல் அடித்தார். அப்போது அவர் விலை வெறும் 5.5 மில்லியன். அந்தப் பருவத்தில் மொத்தம் 17 கோல் அடித்தார், லெஸ்டர் கோப்பையையும் வென்றது. அவரை அன்றே எடுத்தவர்கள் புண்ணியம் செய்தவர்கள். ஆனால் அவர் வாராவாரம் தொடக்க அணியில் இருந்தார், பெனால்டியும் அடித்தார். ஒரு வாரப் புள்ளியைப் பார்த்து மனம் துள்ளும்போது இந்த இரண்டையும் கேட்டுக்கொள்ளுங்கள்: வாராவாரம் தொடக்கத்திலிருந்து ஆடுகிறாரா, பெனால்டி இவர் காலுக்கு வருகிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் எடுங்கள். இல்லையென்றால் இன்னும் இரண்டு வாரம் கையைக் கட்டிக்கொண்டு இருங்கள். பயன்படுத்தாத மாற்றம் வீணாவதில்லை, ஐந்து வரை சேரும். அபராதம் கட்டி எடுக்கும் ஒவ்வொருவரும் முதலில் நான்கு புள்ளிக் கடனை அடைத்த பிறகுதான் உங்களுக்கு உழைக்கத் தொடங்குகிறார்.

கேள்வி: இரண்டாம் வாரம் செல்சியின் பால்மரைக் கேப்டனாக வைத்தேன். ஆட்டத்துக்கு முந்தைய பயிற்சியிலேயே காயம் என்று அவர் விலகிவிட்டார். அதற்குள் அணியை மாற்றுவதற்கான கெடு முடிந்திருந்தது. இதற்கு என்னதான் செய்வது, சார்?
– குரோம்பேட்டை கல்லூரி மாணவி

பதில்: அன்று கெடு நம் நேரப்படி வெள்ளி இரவு 11 மணி. பால்மர் விலகிய செய்தி வந்தபோது நள்ளிரவு. யாராலும் எதுவும் செய்திருக்க முடியாது, அம்மா. மனம் நோக வேண்டாம்.

உங்களைக் காப்பாற்றக்கூடியவர் துணை கேப்டன். கேப்டன் ஒரு நிமிடம்கூட ஆடவில்லை என்றால் துணை கேப்டனின் புள்ளி இரட்டிப்பாகும். கேப்டன் ஒரே ஒரு நிமிடம் இறங்கினாலும் துணை கேப்டனுக்கு அந்த உரிமை போய்விடும். பலர் துணை கேப்டன் இடத்தில் கைக்கு வந்த பெயரைப் போட்டுவிட்டுப் போகிறார்கள். எனக்கு இது மிகவும் வருத்தம் தரும் விஷயம். கேப்டனுக்குச் செலவிடும் அதே யோசனையை இவருக்கும் செலவிடுங்கள், வேறு கிளப்பிலிருந்து எடுங்கள். பெஞ்சில், அதாவது மாற்று ஆட்களாக, இருப்பவர்களின் வரிசையையும் ஒருமுறை பாருங்கள். முதலில் நிற்பவர்தான் முதலில் உள்ளே வருவார்.

கேள்வி: என் மகன் பிளஸ் டூ படிக்கிறான். வெள்ளிக்கிழமை நள்ளிரவு பன்னிரண்டரைக்கு ஆட்டம் என்று விழித்திருக்கிறான். இது சூதாட்டம்தானே?
– வில்லிவாக்கத்திலிருந்து ஒரு தாய்

பதில்: லீக் நடத்தும் இந்த விளையாட்டில் சேரக் கட்டணம் கிடையாது, அம்மா. அந்தப் பயம் வேண்டாம். ஆனால் அவன் நண்பர்கள் ஆளுக்கு ஐந்நூறு போட்டு வென்றவருக்குக் கொடுப்பது என்று ஏதாவது வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். இருந்தால் உடனே வெளியே வரச் சொல்லுங்கள். பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் 2025 ஆகஸ்ட்டில் நிறைவேற்றியிருக்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், பணம் நுழைந்தால் பிள்ளைகள் ஆட்டத்தைப் பார்ப்பதை நிறுத்திவிடுகிறார்கள்.

தூக்கத்தைப் பொறுத்தவரை உங்கள் கட்சி நான். வெள்ளி ஆட்டம் இருக்கும் வாரத்தில் 11 மணிக்கு அணி பூட்டப்பட்டுவிடும். அதன் பிறகு அவன் விழித்திருப்பதால் ஒரு புள்ளியும் கூடாது. காலையில் எழுந்து பார்த்துக்கொள்ளலாம். சனிக்கிழமை இரவு ஏழரை மணி ஆட்டத்துக்கு அவன் பக்கத்தில் உட்கார்ந்து, "உன் ஆள் யார்?" என்று கேட்டுப் பாருங்கள். அவன் சொல்லத் தொடங்கினால் நிறுத்தமாட்டான்.

கேள்வி: இந்த ஓய்விலேயே வைல்ட் கார்டைப் பயன்படுத்தலாமா?
– ஆவடி வாசகர்

பதில்: அபராதமே இல்லாமல் மொத்த அணியையும் மாற்றிக்கொள்ளும் வாய்ப்பு அது. இந்தப் பருவத்தில் இரண்டு இருக்கின்றன, முதலாவதை 19-ஆம் வாரக் கெடுவுக்குள் பயன்படுத்தியாக வேண்டும். இப்போது பயன்படுத்த நல்ல காரணம் ஒன்று உண்டு. செப்டம்பர் 1-ஆம் தேதியோடு வீரர்களை வாங்கும் காலம் முடிந்துவிட்டது. எந்தக் கிளப்பில் யார் என்பது தெளிவாகிவிட்டது. உங்கள் அணியில் ஐந்தாறு பேர் சிவப்பு மையில் இருந்தால் தயங்காமல் செய்யுங்கள். இரண்டு மூன்று பேர்தான் என்றால் வைத்திருங்கள்.

செய்வதானால் இப்போதே முடிவு கட்டிவிடாதீர்கள். தென் அமெரிக்க நாடுகளுக்காக ஆடச் சென்றவர்கள் கடல் தாண்டித் திரும்ப வேண்டும், காயத்தோடு வருபவர்களும் இருப்பார்கள். வெள்ளிக்கிழமை பயிற்சியாளர்கள் பத்திரிகையாளர்களிடம் பேசும்வரை காத்திருங்கள். விலை ஏறிவிடும் என்று பலர் பதறுகிறார்கள். 7.0-க்கு வாங்கியவர் 7.2 ஆனால் விற்கும்போது கையில் வருவது 7.1 தான், லாபத்தில் பாதியை விதி எடுத்துக்கொள்ளும். அந்தப் பாதிக்காகக் காயம்பட்டவரை வாங்க வேண்டுமா? லிவர்பூலுக்கு வந்திருக்கும் இசாக்கைக் கேட்டு எழுதியவர்களுக்கும் இதே பதில். பருவத்துக்கு முந்தைய பயிற்சி ஆட்டங்களில் அவர் ஆடவில்லை. அவர் வரியில் இரண்டு நீலக் கட்டம் விழட்டும்.

கேள்வி: பின்கள வீரர்களுக்குப் புதிதாகப் புள்ளி தருகிறார்களாமே?
– பெரம்பூர் வாசகர்

பதில்: ஆம். பந்தை விலக்குதல், குறுக்கே நின்று தடுத்தல், இடைமறித்தல், டேக்கிள் எல்லாம் சேர்த்து ஒரே ஆட்டத்தில் பத்து வந்தால் இரண்டு புள்ளி. வியாசர்பாடியில் ஸ்டாப்பர் பேக்காக ஆடி வளர்ந்த எனக்கு இது எவ்வளவு மகிழ்ச்சி என்று எழுத்தில் சொல்ல முடியாது. நாள் முழுக்கத் தலையால் பந்தை அடித்து அனுப்பியவன் பெயரை யாரும் எழுதி வைத்ததில்லை. இப்போது எழுதுகிறார்கள். அதிகம் தாக்கப்படும் சிறிய கிளப்புகளின் நடு பின்கள வீரர்களைப் பாருங்கள், மலிவாகவும் இருப்பார்கள்.

கேள்வி: இதெல்லாம் அதிர்ஷ்டம்தான் என்கிறார் என் கணவர்.
– மயிலாப்பூர் வாசகி

பதில்: ஒரு வாரத்துக்கு அவர் சொல்வது சரி. ஆனால் 2013-இல் நம் சென்னையில் ஆனந்தை வென்று உலகச் சதுரங்கச் சாம்பியனான கார்ல்சன், 2019 டிசம்பரில் எழுபது லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஆடிய இந்த விளையாட்டில் முதலிடத்தில் இருந்தார். அவரிடம் இதைச் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: அடுத்த கெடு எப்போது? எனக்கு ஷிஃப்ட் வேலை.
– அம்பத்தூர் வாசகர்

பதில்: செப்டம்பர் 13, சனிக்கிழமை மாலை 3.30. வாரத்தின் முதல் ஆட்டத்துக்கு 90 நிமிடம் முன்பு என்பது விதி. அக்டோபர் கடைசியில் இங்கிலாந்தில் கடிகாரத்தை மாற்றுவார்கள், அதன் பிறகு இதே சனிக்கிழமைக் கெடு நமக்கு 4.30 ஆகிவிடும். காலை ஷிஃப்ட் என்றால் வெள்ளி இரவே அணியைச் சேமித்துவிட்டு, சாப்பாட்டு இடைவேளையில் காயச் செய்தியை மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.