மீன் வாடையும் ஆராதனையும்

கேள்வி: விடியப் புறப்பட்டு மீன் விற்கிறேன். ஞாயிறு ஆராதனைக்கும் பிந்தித்தான் போகிறேன், உடுப்பெல்லாம் மீன் வாடை. இதில் எங்கே ஆராதனை? – ஒரு சகோதரி, உப்புவெளி

பதில்: தங்கச்சி, எந்த வேலையையும் கர்த்தருக்கென்று செய்யுங்கள் என்று கொலோசெயர் 3இல் பவுல் எழுதியது போதகர்களுக்கு அல்ல, அடிமைகளுக்கு. 1691இல் மறைந்த சகோதரர் லாரன்ஸ், பாரிஸ் மடத்து அடுப்படியில் வேலை செய்துகொண்டே ஜெபித்தவர். இத்தனைக்கும் சமையல் வேலை அவருக்குப் பிடிக்கவே பிடிக்காது.

நான் திருகோணமலையில் பலசரக்குக் கடை வைத்திருந்தவன். ஞாயிறு பாட்டுப் பாடிவிட்டு, திங்கள் பருப்பில் 50 கிராம் குறைத்து நிறுத்திருக்கிறேன். சரி, அது என் கதை.

நேற்றைய சூரையை இன்றையது என்று விற்காதீர்கள். பிந்தினாலும் கோயிலுக்கு வாருங்கள். வாடையா? பேதுருவுக்கும் இதே தொழில்தான்.