அப்பாவின் கடிதங்களில் அம்மா எங்கே?

கேள்வி: அப்பா ராணுவத்தில் இருந்தவர். 1965, 1971 இரண்டு போரிலும் இருந்தார். அவர் காலமான பிறகு, தாத்தாவுக்கு அவர் போட்ட இன்லண்ட் கடிதங்கள் டிரங்குப் பெட்டியில் கிடைத்தன. பலவற்றில் தேதி இல்லை. போரைப் பற்றி எதுவும் இல்லை. 'செவலை கன்று போட்டதா, பாலை வீட்டுக்கு வைக்கிறீர்களா, விற்றுவிடுகிறீர்களா' என்று 1971 கடிதங்களில் திரும்பத் திரும்பக் கேட்கிறார். அம்மாவைப் பற்றி ஒரு வரி இல்லை. நான் பிறந்தது 1972 சித்திரை. எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவிடம் இதைச் சொன்னால் வருத்தப்படுவாரோ? தம்பி எல்லாவற்றையும் லேமினேட் செய்யப் போகிறானாம்.
- வாசகி, பர்கூர் பக்கம்

அன்புச் சகோதரி,

அம்மாவை உட்காரவைத்து, ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டுங்கள்.

அன்று அந்தக் கடிதங்களை யார் படித்திருப்பார்கள் என்று யோசியுங்கள். தபால்காரரோ, வாத்தியாரோ, எட்டாவது படித்த பக்கத்து வீட்டுப் பையனோ திண்ணையில் உட்கார்ந்து உரக்கப் படித்திருப்பார். மாமனார் எதிரில் இருப்பார், தெருவில் நாலு பேர் நிற்பார்கள். உங்கள் அம்மா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டிருப்பார். இது அப்பாவுக்குத் தெரியாதா? அந்தத் திண்ணைக்கு அவர் மனைவியைப் பற்றி என்ன எழுத முடியும்? போர்க்காலத்தில் எந்த ஊரில் இருக்கிறோம், எங்கே போகிறோம் என்றும் எழுதக் கூடாது. ஆக அவருக்கு மிஞ்சியது மாடும் கிணறும் மழையும்தான்.

இப்போது அந்தப் பால் வரியைத் திரும்பப் படியுங்கள். 1972 சித்திரையில் பிறந்தவர் நீங்கள். 1971-ன் பின்பாதியில் அவர் அதை எழுதியிருந்தால், அப்போது அம்மா உங்களைச் சுமந்துகொண்டிருந்தார். பாலை விற்காமல் வீட்டுக்கு வைக்கிறீர்களா என்று தன் அப்பாவிடம் ஒரு மகன் வேறு எதற்காகக் கேட்பான்? என் கண்ணுக்கு அந்த வரி முழுக்க உங்கள் அம்மாதான் தெரிகிறார். நீங்களும்தான்.

தேதி இல்லாதவற்றுக்கு முகவரியைப் பாருங்கள். தர்மபுரி மாவட்டம் சேலத்திலிருந்து பிரிந்தது 1965 அக்டோபர் 2-ல். அந்த வருடப் போர் செப்டம்பரிலேயே நின்றுவிட்டது. அதனால் அந்தப் போர்க் கடிதங்களில் 'சேலம் மாவட்டம்' என்று இருக்கும், 1971-ல் 'தர்மபுரி மாவட்டம்'. அனுப்பியவர் முகவரியில் 99 ஏ.பி.ஓ. (ராணுவத் தபால் நிலையம்) என்றிருந்தால் கொல்கத்தா வழியாகக் கிழக்கே போய்வந்த தபால், 56 என்றால் டெல்லி வழி.

லேமினேஷன் வேண்டவே வேண்டாம். சூடுபட்டு ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு பிரிக்க முடியாது, தாளும் கெட்டுப்போகும். கிழிசலில் செலோடேப்பும் ஒட்டாதீர்கள், மஞ்சளாகிக் கறை பிடிக்கும். மடிப்பை மெதுவாக நீவி, இடையில் நல்ல வெள்ளைத் தாள் வைத்து, ஈரமில்லாத பெட்டியில் தட்டையாக அடுக்குங்கள். அதற்கு முன் நிழல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், முகவரிப் பக்கத்தையும் சேர்த்து செல்போனில் படம் எடுத்துவிடுங்கள். நம் தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் நடுகற்கள் நிறைய. வீரன் எப்படி மாண்டான் என்று கல் சொல்லும், வீட்டைப் பற்றி என்ன கவலைப்பட்டான் என்று சொல்லாது. உங்களிடம் அது தாளில் இருக்கிறது.

வாசிக்கும்போது அம்மா பேசுவதையும் போனில் பதிவு செய்யுங்கள். அந்தச் செவலை யார் வீட்டு மாடு, பால் உண்மையில் வீட்டுக்கு வந்ததா என்பதெல்லாம் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். சில கடிதங்களை யாருக்கும் காட்ட வேண்டாம் என்றால், சரி என்று அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். தம்பிக்குச் சட்டம் போட்டு மாட்ட ஆசையென்றால் பிரதி எடுத்து மாட்டட்டும். எந்தக் கடிதம் என்பதை அம்மா சொல்லட்டும்.