கறுப்பாகத் தெரியும் நகை துக்கத்தின் அடையாளமா?

கேள்வி: சதிர் (பரதநாட்டியத்தின் பழைய பெயர்) ஆடிய பெண்மணி ஒருவரின் பழைய ஸ்டுடியோ படம் எங்கள் வீட்டில் இருக்கிறது. அட்டிகை, தலைச்சாமான் எல்லாவற்றிலும் கறுப்புக் கற்கள். துக்கத்தில் எடுத்த படமோ?
- கும்பகோணம் வாசகி

பதில்: துக்கமெல்லாம் இல்லை, அவை அநேகமாகச் சிவப்பான கெம்புக் கற்கள். ஃபிலிமுக்குப் பதிலாகப் படம்பிடிக்க வைத்த அந்தக் காலக் கண்ணாடி பிளேட்டில் நீலமும், பிறகு வந்தவற்றில் பச்சையும் பதிந்தன. சிவப்பு பதியவே பதியாது. அதனால் கெம்பு கறுக்கும், குங்குமமும் கறுக்கும். நீலக்கல்லாக இருந்தால் வெளுத்திருக்கும். சிவப்பையும் வாங்கும் பிளேட்டுகள் பரவலானது பிற்பாடுதான்.

படம் இடம்வலம் மாறி அச்சாகியிருக்கிறதா என்று தெரிய, தலையைப் பாருங்கள். தலைநகைகளில் சூரியப்பிறை அவருடைய வலப்பக்கம், சந்திரப்பிறை இடப்பக்கம். படத்தில் சூரியன் நம் இடக்கைப் பக்கம் வரவேண்டும். மாறியிருந்தால் நெகட்டிவைத் திருப்பி அச்சிட்டார்களோ என்று சந்தேகப்படலாம். மூக்குத்தியை நம்பி முடிவுகட்டாதீர்கள், இரண்டு பக்கமும் குத்தியவர்கள் நிறைய. பக்கத்தில் மிருதங்கக்காரர் இருந்தால் நல்லது: கருஞ்சோறு என்னும் கறுப்புப் பசை வைத்த முகமான வலந்தலை அவர் வலக்கைப் பக்கம் இருக்கவேண்டும். அவர் இடக்கைக்காரராக இருந்தால் மட்டும் இந்தக் கணக்கு உதவாது.

கழுத்தில் பொட்டுத்தாலி தெரிந்தால் கணவர் பெயரைத் தேடி அலைய வேண்டாம். அது கோயிலில் பொட்டுக்கட்டியதற்கு, அதாவது தேவதாசியாகக் கோயிலுக்கு அர்ப்பணித்ததற்கு அடையாளம். அந்த வழக்கத்தைச் சென்னை மாகாணம் 1947இல் சட்டம் போட்டுத் தடுத்தது.

கையால் வண்ணம் தீட்டிய படமானால் கொஞ்சம் உஷார். படத்தில் இல்லாத வங்கியையும் (மேல்கை நகை) ஒட்டியாணத்தையும் தூரிகையாலேயே பூட்டிவிடுவார்கள். படத்தைச் சாய்த்து, பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி வைத்து லென்ஸில் பாருங்கள். தீட்டிய நகை காகிதத்துக்கு மேல் மேடு தட்டி நிற்கும், அதன் நிழல் மற்ற நிழல்களோடு ஒத்துப்போகாது. ஈரத்துணியால் துடைத்துவிடாதீர்கள், வண்ணம் கையோடு வந்துவிடும். அட்டையிலிருந்து உரிக்கவும் வேண்டாம். அப்படியே 600 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் கல் பதித்த விதம்கூடத் தெரியும்.

கேள்வி: கே.பி. சுந்தராம்பாள் படங்களில் நகையை வைத்து வருடம் கண்டுபிடிக்க முடியுமா?
- கரூர் வாசகர்

பதில்: ஓரளவு முடியும். 1933இல் கணவர் எஸ்.ஜி. கிட்டப்பா காலமான பிறகு சுந்தராம்பாள் வெள்ளைச் சேலைக்கும் திருநீற்றுக்கும் மாறிவிட்டார். பட்டும் நகையுமாக இருந்தால் பெரும்பாலும் அதற்கு முந்தைய படம். வேடப் படங்களை இந்தக் கணக்கில் சேர்க்கக்கூடாது. 1935இல் வந்த ‘நந்தனா’ரில் அவர் போட்டது ஆண் வேடம்.