பத்தாவது படிக்கிற பையனை இப்போ சிங்கப்பூருக்குக் கூப்பிடலாமா?

தம்பி, நீங்க கேட்டதை முதல்ல சொல்லிடுறேன். ஊர் திருத்துறைப்பூண்டி பக்கம். கஜா புயல்ல தோப்பு போச்சு, கொரோனாவுல கடன் ஏறிச்சு, இப்போ எஸ் பாஸ்ங்கிற வேலை அனுமதியில சிங்கப்பூர் வந்திருக்கீங்க. பையன் பத்தாவது. ராத்திரியெல்லாம் முழிச்சிருக்கான், போன்ல முகம் கொடுத்துப் பேசறதில்லை, "படிச்சு என்ன ஆகப்போகுது"ங்கிறான். குடும்பத்தை இங்கே கூப்பிட்டா சரியாகுமான்னு கேக்குறீங்க.

இப்போ வேண்டாம். குடும்பத்துக்கு பாஸ் எடுக்கவே மாசச் சம்பளம் குறைஞ்சது 6,000 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்) வேணும். அது இருந்தாலும், அரசுப் பள்ளியில சேர ஆங்கிலத்துலயும் கணக்குலயும் ஏஇஐஎஸ்ங்கிற, வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கான நுழைவுத் தேர்வு எழுதணும். செகண்டரி மூணுக்கு மேல, அதாவது நம்ம ஒன்பதாவதுக்கு மேல, அந்த வழியில சேர்க்கை கிடையாது. ஏற்கெனவே கலங்கிப்போன பிள்ளைக்கு இந்த அலைச்சலும் சேர வேண்டாம்.

அவன் பேசறதைச் சோம்பேறித்தனம்னு எடுத்துக்காதீங்க. 2012லேருந்து 2019 வரைக்கும் ஒரு வருஷம்கூட, வழக்கமா திறக்கிற ஜூன் 12ல மேட்டூர் அணையைத் திறக்கலை. குறுவை நெல் சாகுபடி உண்டா இல்லையான்னு பெரியவங்க புலம்புறதைக் கேட்டுத்தான் அவன் வளந்திருக்கான். 2018 நவம்பர் 16 விடியறதுக்குள்ள கஜா வேதாரண்யம் பக்கம் கரையேறிச்சு. 'தென்னை வச்சவன் தின்னுட்டுச் சாவான்'னு சொல்ற ஊர்ல, தாத்தா வச்ச தோப்பு ஒரே ராத்திரியில சாஞ்சதைப் பாத்த பிள்ளை அவன். மரத்துக்கு 1,100 ரூபாய் நிவாரணம், வெட்டி அகற்றுற கூலியும் சேத்து. பாடுபட்டா பலன் உண்டுன்னு நாம சொல்றதை அவன் எதை வச்சு நம்புவான்?

1930களின் பொருளாதார வீழ்ச்சியில வளந்த அமெரிக்கப் பிள்ளைகளை க்ளென் எல்டர்ங்கிற சமூகவியலாளர் ஆராய்ஞ்சிருக்கார். வருமானம் போன வீடுகள்ல, குடும்பத்துக்கு ஒத்தாசையா வேலை செஞ்ச பதின்வயசுப் பிள்ளைங்க பொறுப்போட தேறி வந்தாங்க. அப்போ ரொம்பச் சின்னவங்களா இருந்த பையன்கள்தான் அதிகம் அடிபட்டாங்க. பணம் போனதைவிட, அதனால எரிஞ்சு விழுற அப்பாவாலதான் பாதிப்பு கூடிச்சுன்னும் அவர் காட்டினார். இதை உங்களுக்காகவே சொல்றேன்.

பேராவூரணியில என் அக்கா மகனுக்கு கஜா சமயத்துல பதிமூணு வயசு. தோப்பு விழுந்ததும் பேச்சையே விட்டுட்டான். சிட்டா, ஆதார், பாஸ்புக் நகல், எல்லாத்தையும் அக்கா அவன் கையில கொடுத்து வி.ஏ.ஓ. ஆபீசுக்கு அனுப்பினா. மரக் கணக்கு எழுதின நோட்டை ஊருக்குப் போனப்போ பாத்தேன்: 'வேரோட', 'பாதியில முறிஞ்சது', 'நிக்குது'ன்னு மூணு கட்டம், நிக்கிற மரத்துக்கு மட்டும் சிவப்புப் பேனா. மச்சான் வீட்டுல இருந்தாலும் அந்தக் கணக்கை அக்கா பிள்ளைகிட்டதான் கேப்பா. அவனை மீட்டது அதுதான்னு நான் உறுதியா நம்புறேன்.

அதனால கடன் எவ்வளவு, மாசம் எவ்வளவு அடையுதுன்னு அவன்கிட்ட சொல்லுங்க. நீங்க மறைச்சாலும் அடுப்படிப் பேச்சு அவன் காதுல விழத்தான் செய்யும். கூட்டுறவு சங்கத்துல வட்டி கட்டி ரசீதை வாட்ஸ்அப்புல அனுப்புற வேலையை அவனுக்குக் கொடுங்க. அந்த அளவு போதும், மொத்தக் கடனுக்கும் அவனைக் கவலைப்பட வச்சிடாதீங்க. மார்க் கேக்க மட்டும் போன் பண்ணாதீங்க. இங்கே வெயில்ல நின்ன கோபத்தோட பேசவே பேசாதீங்க, குளிச்சுச் சாப்பிட்டுட்டுக் கூப்பிடுங்க.

தூக்கம் இப்படியே கெட்டுக்கிட்டிருந்தா, இல்ல சாவைப் பத்தின பேச்சு ஒரு தடவை வந்தாக்கூட, மந்திரிச்சுப் பாக்கலாம்னு நாளைக் கடத்தாதீங்க. உடனே திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க. டெலி மனஸ்ங்கிற அரசு மனநல உதவி எண் 14416க்கு எந்த நேரமும் கூப்பிடலாம், இலவசம், தமிழ்லயே பேசுவாங்க.

பரீட்சை முடிஞ்ச லீவுல விசிட் பாஸ்ல ஒரு தடவை கூட்டிட்டு வாங்க. நீங்க தங்குற ரூம், வேலை பாக்குற இடம் ரெண்டையும் காட்டுங்க. பிளஸ் ஒன்ல எந்த குரூப்னு அப்புறம் அவனையே சொல்லச் சொல்லுங்க.