நியூயார்க் பில்ஹார்மோனிக்: ரசிகர்களின் கேள்விகளும் வயலின் மாஸ்டரின் பதில்களும்

கோவை, ஈரோடு, திருப்பூர் வட்டாரத்து ரசிகர்கள் அமெரிக்காவின் நியூயார்க் பில்ஹார்மோனிக் இசைக்குழுவைப் பற்றி அனுப்பிய கேள்விகளுக்குக் கோவையில் மேற்கத்திய வயலின் சொல்லித்தரும் மாஸ்டர் பதில் தருகிறார்.

மாஸ்டர், இத்தனை பெரிய இசைக்குழுவை ஆரம்பத்துல யாருங்க முதல் போட்டு நடத்துனது? ராஜாவா, அரசாங்கமா? (திருப்பூர்)

ரெண்டு பேரும் இல்லைங்க. வாசித்தவர்களே நடத்தினார்கள். யூரெலி கோரெல்லி ஹில் என்ற வயலின் கலைஞர் ஊரில் இருந்த வாத்தியக்காரர்களைத் திரட்டினார். 1842 டிசம்பர் 7 அன்று முதல் கச்சேரி, முதல் உருப்படி பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனி. அன்றைக்கு முன்னால் நின்று கையசைத்து வழிநடத்தும் நடத்துநரும் ஒரே ஆள் இல்லை; முறை வைத்து மாறி மாறி நடத்தினார்கள்.

நம்ம ஊர் பால் கூட்டுறவுச் சங்கம் மாதிரிதான் வைத்துக்கொள்ளுங்கள். உறுப்பினர்களே முதலாளிகள். செலவு போக மிஞ்சியதைக் கச்சேரிப் பருவக் கடைசியில் பங்கிட்டுக்கொண்டார்கள். முதல் பருவத்தில் ஆளுக்குக் கிடைத்தது 25 டாலர். அதை வைத்துக் குடும்பம் நடத்த முடியாது. நாடகக் கொட்டகையில் வாசித்து, வீடு வீடாகப் பாடம் சொல்லிக்கொடுத்து, மிச்ச நேரத்தில் சிம்பொனி வாசித்தார்கள். இந்த இசைக்குழுவின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். புத்தகங்கள் நடத்துநர்களின் பெயரைத்தான் வரிசையாக அடுக்குகின்றன. கட்டிக் காத்தவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து வாசித்தவர்கள்.

அப்புறம் அந்தச் சங்கம் ஏனுங்க நின்னு போச்சு? (ஈரோடு)

1909-இல் பணக்காரப் புரவலர்கள் குழு பொறுப்பை எடுத்துக்கொண்டது. மேரி ஷெல்டன் என்ற பெண்மணி முன்னின்று நிதி திரட்டினார். வாசிப்பவர்களுக்குச் சம்பளம் வந்தது, கச்சேரிகள் பெருகின, நடத்துநராக இசையமைப்பாளர் குஸ்தாவ் மாலர் வந்தார். இரண்டு பருவம்தான். உடம்பு முடியாமல் வியன்னா திரும்பியவர் 1911 மே மாதம் காலமானார்.

உரிமை கைவிட்டுப் போனது இழப்புதான். ஆனால் ஒழுங்கான ஒத்திகை இல்லாமல் மாலர் கேட்ட தரத்தை எட்டியிருக்க முடியாது. 1928-இல் அதே ஊரில் போட்டியாக இருந்த நியூயார்க் சிம்பொனியும் இதோடு இணைந்துவிட்டது.

ஒரே ஒரு கச்சேரிக்குப் போகலாம்னா எதுக்குப் போவீங்க? (உடுமலை)

1893 டிசம்பர், நியூயார்க்கின் கார்னகி ஹால் அரங்கம். செக் இசையமைப்பாளர் துவோர்ஷாக் எழுதிய ‘புதிய உலகம்’ சிம்பொனி முதன்முறையாக அரங்கேறிய மாலை. யோசிக்கவே வேண்டாம்.

நடத்துநர் கையை ஆட்டுறார், அவர் இல்லாட்டியும் இவங்க வாசிப்பாங்கதானே? (கரூர்)

கேட்கக் கூச்சப்பட வேண்டாம், நல்ல கேள்வி. ரெண்டு சம்பவம் சொல்கிறேன்.

1943 நவம்பர் 14. நடத்த வேண்டிய புருனோ வால்ட்டருக்கு உடம்பு சரியில்லை. துணை நடத்துநராக இருந்த 25 வயது லெனார்ட் பெர்ன்ஸ்டைன் ஒத்திகையே இல்லாமல் மேடை ஏறினார். நாடு முழுக்க வானொலியில் நேரடி ஒலிபரப்பு. ஸ்ட்ராஸின் ‘டான் கிஹோத்தே’ போன்ற சிக்கலான உருப்படி அதில் இருந்தது. மறுநாள் செய்தித்தாளின் முதல் பக்கத்தில் அவர் பெயர். வால்ட்டரோடு பழகித் தயாராக இருந்த அந்தக் கலைஞர்கள் ஒரு இளைஞனை நம்பித் தாங்கிப் பிடித்ததையும் நினைத்துப் பாருங்கள்.

1990-இல் பெர்ன்ஸ்டைன் மறைந்தார். அவர் இசையமைத்த ‘கேண்டிட்’ இசை நாடகத்தின் முன்னிசையை அவர் நினைவாக நடத்துநர் இல்லாமலே வாசிக்கும் வழக்கம் அப்போது வந்தது. வேகமான உருப்படி, தாளம் அடிக்கடி மாறும். முதல் வயலின்காரரின் அசைவையும் பக்கத்து ஆளின் மூச்சையும் கவனித்தே சேர்ந்து போகிறார்கள். எப்போதும் அப்படி முடியாது. நூறு பேர் வாசிக்கும் புதுப் படைப்பை எப்படிச் சொல்வது என்று ஒருவர் தீர்மானிக்கத்தான் வேண்டும்.

சுபின் மேத்தா நம்ம நாட்டுக்காரர்தானுங்களே? (பொள்ளாச்சி)

ஆமாங்க, பம்பாய்க்காரர். அப்பா மெஹ்லி மேத்தா வயலின் கலைஞர், 1935-இல் பம்பாய் சிம்பொனியைத் தொடங்கியவர். மகன் 1978 முதல் 1991 வரை நியூயார்க்கில் இசை இயக்குநர். அந்தப் பதவியில் அவரளவுக்கு நீண்ட காலம் இருந்தவர் வேறு யாரும் இல்லை. 1981-இல் ரவிசங்கரின் இரண்டாவது சிதார் கான்செர்ட்டோவை (சிதாரும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு) அவர்தான் அங்கே அரங்கேற்றினார்.

மாஸ்டர், நான் வயலின் கத்துக்கறேன். அங்க பொண்ணுங்களுக்கு இடம் கிடைச்சுதா? (கோவை மாணவி)

ரொம்பத் தாமதமாகக் கிடைத்தது கண்ணு. 1966-இல் டபுள் பேஸ் (வயலின் மாதிரியே இருக்கும் பெரிய, கீழ்ச்சுருதி வாத்தியம்) வாசிக்கும் ஓரின் ஓ’பிரையன் சேர்ந்தபோது, முழுநேரக் கலைஞர்களில் அவர் ஒருவர்தான் பெண். இனப் பாகுபாடு என்று இரண்டு கறுப்பினக் கலைஞர்கள் 1969-இல் நகர மனித உரிமை ஆணையத்தில் புகார் கொடுத்தார்கள். எழுபதுகளில் தேர்வுக்குத் திரை வந்தது. வாசிப்பவர் யார் என்று தெரியாது, சத்தம் மட்டும் கேட்கும். 2022-இல் பெண்கள் 45, ஆண்கள் 44. கறுப்பினக் கலைஞர்கள் இன்றும் மிகக் குறைவு. திரை மட்டும் போதாது. நீ சாதகத்தை விடாதே.

நான் கல்யாண மண்டபம் கட்டுற இன்ஜினியர். அவங்க அரங்கத்துல எதிரொலிப் பிரச்சினைன்னு கேள்விப்பட்டேன். (கோபி)

1962-இல் நியூயார்க்கின் லிங்கன் சென்டர் கலை வளாகத்தில் திறந்த அரங்கம் அது. ஒலி நிபுணர் லியோ பெரானெக் போட்ட கணக்குக்கு மேல் இருக்கைகளைக் கூட்டினார்கள், வடிவமும் மாறியது. கீழ்ச்சுருதி எடுபடவில்லை, மேடையில் ஒருவர் வாசிப்பது மற்றவருக்குக் கேட்கவில்லை. 1976-இல் உள்ளே இடித்துக் கட்டியும் திருப்தியில்லை. கடைசியில் 55 கோடி டாலர் செலவில் 2022-இல் மறுபடி திறந்தார்கள். மேடையைச் சுமார் 25 அடி முன்னே கொண்டுவந்து, 2,738 இருக்கைகளை 2,200 ஆகக் குறைத்தார்கள். இடம் குறைந்தால் வருமானம் குறையும் என்று பயந்திருந்தால் இது நடந்திருக்காது.

பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்ட ஏதாவது இருக்குங்களா? (அவிநாசி ஆசிரியை)

இருக்குங்க. 1842 முதல் நடந்த கச்சேரிகளின் நிகழ்ச்சித் தாள்களை அவர்களுடைய இணைய ஆவணக் காப்பகத்தில் இலவசமாகப் பார்க்கலாம். பெர்ன்ஸ்டைன் கைப்பட பென்சிலில் குறித்த இசைத்தாள்களும் உண்டு. அதோடு வாசிப்பவர்களின் தாள்களையும் திறந்து காட்டுங்கள். வில்லை எங்கே மேலே, எங்கே கீழே இழுப்பது என்று கலைஞர்கள் போட்ட குறிகள் அதில் இருக்கும்.